இரவில் பிசைந்து மறுநாள் சுடலாம்: சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஸ்டாண்ட் மிக்சர் பிரெட்

கேள்வி சுருக்கமாக இது: வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், பெற்றோர் இருவருக்கும் வேலை. புதிதாக ஒரு ஸ்டாண்ட் மிக்சர் (மாவு பிசையும் மேசை இயந்திரம்) வந்திருக்கிறது. இரண்டு முறை பிரெட் சுட்டுப் பார்த்தாயிற்று. முதல் முறை செங்கல் மாதிரி கனத்தது. இரண்டாம் முறை, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வருவதற்குள் மாவு டின்னைத் தாண்டிப் பொங்கி, ஓவனில் வைத்ததும் அமுங்கிப்போனது. வேலை நாட்களில் இதெல்லாம் நடக்கிற காரியமா, இல்லை விட்டுவிடலாமா?

நடக்கிற காரியம்தான், விட்டுவிடாதீர்கள். என் மூத்த பிள்ளைக்கு நான்கு வயது, இளையதற்கு ஒன்றரை வயது இருந்தபோது நான் வாரம் ஒரு பிரெட் சுட ஆரம்பித்தேன். முதல் இரண்டு மாதம் மாவுக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஒன்று புரிந்தது. பிரெட்டுக்கு நிறைய நேரம் வேண்டும் என்பது உண்மை, ஆனால் அந்த நேரத்தில் பெரும்பகுதிக்கு நாம் வேண்டியதில்லை. கை படுகிற நேரத்தை மட்டும் கூட்டினால் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். மீதியெல்லாம் ஈஸ்டின் வேலை. தொல்லை என்னவென்றால், அந்த அரை மணி நேரம் எப்போது வர வேண்டும் என்பதை மாவு முடிவு செய்கிறது. குழந்தை அழுகிற அதே நேரத்தில் மாவும் தயாராகி நிற்கும். அதை நாம் முடிவு செய்யும்படி மாற்றிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. மிக்சரால் கைவலி மிச்சம். ஃபிரிட்ஜையும் சேர்த்துக்கொண்டால்தான் நேரமும் நம் பிடிக்குள் வரும்.

முதலில் அந்தச் செங்கல். நீங்கள் கப்பில் அளந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மாவைத் தளர்வாக அள்ளினால் ஒரு கப் 120 கிராம் இருக்கும். பையில் விட்டு அழுத்தி அள்ளினால் அதே கப் 150 கிராமைத் தொடும். நான்கு கப் போடும்போது வித்தியாசம் 120 கிராம் வரை போகலாம், அது ஒரு முழுக் கப். அதோடு, பிசையத் தொடங்கிய இரண்டாம் நிமிடத்தில் மாவு ஒட்டுகிறதே என்று இன்னும் இரண்டு கை மாவு தூவியிருப்பீர்கள். எல்லோரும் செய்கிற தவறு அது. நல்ல பிரெட் மாவு தொடக்கத்தில் ஒட்டத்தான் செய்யும், பிசையப் பிசையத் தானாகவே பாத்திரத்தை விட்டு விலகும். ஆகவே மிக்சருக்கு அடுத்தபடியாக ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள். பாத்திரத்தைத் தராசின் மேல் வைத்து ஒவ்வொன்றாகக் கொட்டினால் கழுவ வேண்டிய கப்பும் கரண்டியும் குறையும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அதுவே பெரிய நிம்மதி.

23-க்கு 13 சென்டிமீட்டர் டின் ஒன்றுக்கு நான் போடும் அளவு இது: வெள்ளைக் கோதுமை மாவு (மைதா வகை) 500 கிராம், பாலும் தண்ணீரும் பாதிப் பாதியாகச் சேர்த்து 325 கிராம், சர்க்கரை 25 கிராம், வெண்ணெய் 30 கிராம், உப்பு 9 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம். மாவில் புரதம் நூற்றுக்கு 11-க்கு மேல் இருந்தால் நல்லது, 12 அல்லது 13 இருந்தால் இன்னும் நல்லது. பாக்கெட்டின் பின்பக்கச் சத்து அட்டவணையில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள். அந்தப் புரதம்தான் தண்ணீர் பட்டதும் குளூட்டன் ஆகி, ஈஸ்ட் விடுகிற வாயுவைப் பிடித்து வைக்கும். புரதம் குறைந்த மாவுதான் கிடைக்கிறது என்றால் திரவத்தை இருபது கிராம் குறைத்துக்கொண்டு அதிலேயே சுடுங்கள். உயரம் கொஞ்சம் குறையும், சுவைக்குப் பழுதில்லை.

இப்போது பிசைவது. ஈஸ்டையும் சர்க்கரையையும் மாவில் கலந்துவிட்டுப் பிறகுதான் திரவத்தை ஊற்றுங்கள். ஈஸ்ட் நேராகக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் அதற்கு ஆகாது. மிக்சரின் மாவு பிசையும் கொக்கியை மாட்டி, மிகக் குறைந்த வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம் ஓட்டுங்கள், உலர்ந்த மாவு தெரியாத அளவுக்குக் கலந்தால் போதும். உப்பும் வெண்ணெயும் இன்னும் சேர்க்கவில்லை. அப்புறம் மிக்சரை அணைத்து, பாத்திரத்தை மூடிவிட்டு, இருபது முப்பது நிமிடம் அதை மறந்துவிடுங்கள். பிள்ளைகளைப் பல் துலக்க வைக்க, உடை மாற்ற, ஒரு கதை சொல்ல அந்த நேரம் சரியாக இருக்கும்.

இந்த இடைவெளி சோம்பேறித்தனம் இல்லை. ரேமோன் கால்வெல் என்ற பிரெஞ்சு பேக்கிங் ஆசிரியர் 1974-இல் இதை ஒரு முறையாகவே வகுத்தார். பேக்கர்கள் இதை ஓட்டோலிஸ் என்பார்கள். மாவும் தண்ணீரும் சும்மா சேர்ந்து இருந்தாலே குளூட்டன் தானாகக் கட்டத் தொடங்கிவிடும், அதனால் பிசைகிற நேரம் குறையும். அவர் முறைப்படி ஈஸ்ட்டும் அந்த நேரத்தில் சேரக்கூடாது. ஆனால் அரை மணி நேரத்தில் ஈஸ்ட் பெரிதாக எதுவும் செய்துவிடாது, முதலிலேயே சேர்த்துவிட்டால் மறக்கவும் மாட்டோம். நாள் முழுக்க உழைத்துக் களைத்த இரவில் மறதிதான் பெரிய எதிரி. உப்பை ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து மிக்சரின் முன்னால், கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள். நான் ஒரு தடவை உப்பே போடாமல் சுட்டிருக்கிறேன். பார்க்க அழகாக வந்தது, வாயில் வைக்க முடியவில்லை.

திரும்பி வந்ததும் உப்பையும் மிருதுவான வெண்ணெயையும் சேர்த்து ஆறு முதல் எட்டு நிமிடம் பிசையுங்கள். வேகம்தான் முக்கியம். கிச்சன்எய்ட் இயந்திரங்களில் ஈஸ்ட் மாவுக்கு 2-ஆம் வேகம்தான் என்று கையேடே சொல்கிறது. வேறு எந்த இயந்திரமாக இருந்தாலும் கையேட்டில் மாவு பிசைய என்ன வேகம், அதிகபட்சம் எவ்வளவு மாவு என்று போட்டிருக்கும், அதைத் தாண்டாதீர்கள். வேகத்தைக் கூட்டினால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். கெட்டியான மாவு மோட்டாரைச் சூடாக்கும், உள்ளே இருக்கிற பற்சக்கரத்தைத் தேய்க்கும். தலைப்பகுதி மேலே தூக்குகிற வகை என்றால் பூட்டைப் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தலை துள்ளும்.

இன்னொன்றும் இருக்கிறது. கெட்டி மாவு பிசையும்போது மிக்சர் மேடையில் நகரும். அதை ஓடவிட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகக்கூடாது. விளிம்பு வரை நகர்ந்து கீழே விழுந்த இயந்திரங்கள் உண்டு. அந்த எட்டு நிமிடம் சமையலறையிலேயே இருந்து பாத்திரம் கழுவுங்கள், நாளைக்கு மதியச் சாப்பாட்டை டப்பாவில் எடுத்து வையுங்கள். கை விடுதலை, கண் மட்டும் அங்கே. தூங்குகிற கைக்குழந்தை இருந்தால் சத்தத்தை யோசித்து, பிசைவதைத் தூங்கப் போவதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. சத்தம் குறையட்டும் என்று மிக்சரைத் துணியால் சுற்றாதீர்கள், மோட்டாருக்குக் காற்று வேண்டும்.

மாவு கொக்கியின் மேல் ஏறிச் சுற்றிக்கொண்டு சும்மா சுழல்கிறதா? அது கோளாறு இல்லை. வளைந்த கொக்கிகளில் சாதாரணமாக நடப்பதுதான், திருகுபோல் முறுக்கிய கொக்கியில் குறைவு. நிறுத்தி, மாவைக் கீழே தள்ளிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அடிப்பகுதியில் உலர்ந்த மாவு அப்படியே கிடந்தால், கொக்கிக்கும் பாத்திரத்துக்கும் இடையே இடைவெளி அதிகம் என்று அர்த்தம். பல இயந்திரங்களில் அதைச் சரிசெய்ய ஒரு திருகு இருக்கும்.

போதுமான அளவு பிசைந்தாயிற்றா என்று பார்க்க, ஒரு சின்ன உருண்டையைக் கிள்ளி விரல்களால் மெதுவாக இழுங்கள். கிழியாமல், வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெல்லிய சவ்வாக வந்தால் முடிந்தது. உடனே கிழிந்தால் இன்னும் இரண்டு நிமிடம்.

இந்த வகை இயந்திரம் பிறந்த கதையிலும் ஒரு களைத்த மனிதர் வருவார். ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1908-இல் ஒரு பேக்கர் கனத்த கரண்டியால் பிரெட் மாவைக் கிளறித் திண்டாடுவதைப் பார்த்து, இதை ஓர் இயந்திரம் செய்யக்கூடாதா என்று யோசித்தார் என்பார்கள். அவர் வேலை பார்த்த ஹோபார்ட் நிறுவனம் முதலில் பேக்கரிகளுக்குப் பெரிய இயந்திரங்களைச் செய்தது, 1919-இல் வீட்டுக்கான முதல் மிக்சர் வந்தது.

சரி, இனி உங்கள் இரண்டாவது பிரெட்டுக்கு வருவோம். மாவு அவ்வளவு அவசரமாகப் பொங்கியதற்கு மிக்சரும் ஒரு காரணம். பலர் கவனிக்காத இடம் இதுதான். கொக்கி மாவை அடித்துப் புரட்டும்போது உராய்வில் மாவு சூடாகிறது, எட்டுப் பத்து நிமிடத்தில் பல டிகிரி ஏறிவிடலாம். நீங்களோ, ஈஸ்ட்டுக்கு வெதுவெதுப்பு வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு வெந்நீர் கலந்த பால் ஊற்றியிருப்பீர்கள். கையால் பிசைகிறவர்களுக்கு அந்த ஆலோசனை சரியாக வரலாம். மிக்சரில் பிசைந்த மாவு முப்பது டிகிரியைத் தாண்டிவிடும், அப்புறம் ஈஸ்ட் தறிகெட்டு ஓடும். பிசைந்து முடித்த மாவு 25 டிகிரி செல்சியஸில் இருப்பதுதான் நமக்கு வேண்டும்.

இதற்குப் பேக்கர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வேண்டிய 25-ஐ மூன்றால் பெருக்கினால் 75. அதிலிருந்து உலர்ந்த மாவின் சூடு, அறையின் சூடு, மிக்சர் உராய்வுக்கென்று வைத்துக்கொள்ளும் ஓர் எண் மூன்றையும் கழித்தால் திரவம் எத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்று வந்துவிடும். அறையும் மாவும் 28 டிகிரி, உராய்வு எண் 12 என்றால், 75-இல் 68 போக மீதி 7. அதாவது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலும் தண்ணீரும் அப்படியே. குளிர்ந்த அறையில், 20 டிகிரியில், அதே கணக்கு 23 என்று வரும். குழாய்த் தண்ணீர் போதும். உங்கள் மிக்சரின் உராய்வு எண்ணை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். பிசைந்து முடித்த மாவில் வெப்பமானியைக் குத்தி வந்த எண்ணை மூன்றால் பெருக்கி, அன்றைய உலர்ந்த மாவு, அறை, திரவம் மூன்றின் சூட்டைக் கழியுங்கள். மிச்சம் வருவதுதான் அது. இரண்டு முறை செய்து ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிட்டால் அப்புறம் யோசிக்கவே வேண்டாம். சமையலறை வெப்பமானி எப்படியும் பிரெட் வெந்ததா என்று பார்க்கத் தேவைப்படும்.

பிசைந்த மாவை எண்ணெய் தடவிய பாத்திரத்தில் போட்டு மூடுங்கள். பாத்திரம் மாவைப் போல் இரண்டரை மடங்காவது இருக்கட்டும். அறை சூடாக இருந்தால் நேராக ஃபிரிட்ஜுக்கு, குளிராக இருந்தால் அரை மணி நேரம் வெளியில் விட்டு அப்புறம் ஃபிரிட்ஜுக்கு. மாவின் நடுப்பகுதி குளிர மணிக்கணக்காகும், அதுவரை அது உப்பிக்கொண்டேதான் இருக்கும், பயப்பட வேண்டாம். முழுக்கக் குளிர்ந்ததும் ஈஸ்ட் ஏறக்குறைய தூங்கிவிடும். நீங்களும் தூங்கப் போகலாம். பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து இருபத்து நான்கு மணி நேரம் வரை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் தாமதம் என்று வந்துவிட்டால் ஒருமுறை மாவை அமுக்கிவிட்டு இன்னும் அரை நாள் தள்ளலாம். மெதுவாகப் புளித்த மாவில் சுவையும் கூடும். உங்கள் சமையலறை மிகவும் சூடானது என்றால் ஈஸ்டை 3 கிராமாகக் குறையுங்கள்.

மறுநாள் மாலை வீட்டுக்கு வந்ததும், வேறு எதையும் தொடுவதற்கு முன் மாவை எடுத்து வடிவமைத்துவிடுங்கள். குளிர்ந்த மாவு கையில் ஒட்டாது என்பதால் அது சுலபமும்கூட. டின்னின் நீளத்துக்குச் செவ்வகமாகத் தட்டி, இறுக்கமாகச் சுருட்டி, ஓரத்தைக் கிள்ளி ஒட்டி, ஒட்டிய பக்கம் கீழே இருக்கும்படி டின்னில் வைக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. குளிர்ந்த மாவு என்பதால் உப்ப ஒன்றரை மணியிலிருந்து இரண்டரை மணி நேரம் எடுக்கும். அதற்குள் சமையல், சாப்பாடு, குளியல் எல்லாம் முடியும்.

எப்போது ஓவனில் வைப்பது? கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். நடு உச்சி டின்னின் விளிம்புக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் வந்ததும் வையுங்கள். மாவில் விரலை மெதுவாக அழுத்தினால் பள்ளம் மெல்ல, பாதி மட்டும் எழும்ப வேண்டும். டக்கென்று எழும்பினால் இன்னும் நேரம் இருக்கிறது. எழும்பாமலே கிடந்தால் தாண்டிவிட்டது. உங்களுடையது அமுங்கியது இதனால்தான். சவ்வு தாங்குகிற அளவுக்கு மேல் வாயு நிறைந்திருந்தது. பிள்ளையைத் தூங்க வைக்கப் போகும் நேரமும் மாவு தயாராகும் நேரமும் மோதும் போலத் தெரிந்தால், டின்னோடு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள், அது கொஞ்சம் நேரம் பொறுத்திருக்கும். பிள்ளைக்கு முன்பே நீங்கள் தூங்கிப்போனால், அப்படியே காலையில் சுடலாம். ஒரேயடியாக இரவே வடிவமைத்து டின்னோடு குளிரவைத்து, விடுமுறை நாள் காலையில் ஓவன் சூடாகிறபோது எடுத்துச் சுடுவதும் எனக்குப் பிடித்த வழி.

ஓவன் 190 டிகிரி, 30 முதல் 35 நிமிடம். மேல்பகுதி சீக்கிரம் சிவந்தால் மேலே அலுமினியத் தாளால் மூடுங்கள். நடுவில் குத்திய வெப்பமானி 90-லிருந்து 93 வரை காட்டினால் வெந்தது. உடனே டின்னிலிருந்து எடுத்துக் கம்பித் தட்டில் ஆறவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் அறுத்தால் உள்ளே பிசுபிசுப்பாக இருக்கும், வேகவில்லையோ என்று நினைப்பீர்கள்.

இந்த பிரெட் மூன்று நாள் வெளியில் இருக்கும். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். மாவாக இருக்கும்வரைதான் ஃபிரிட்ஜ் நண்பன். சுட்ட பிரெட்டில் இருக்கும் மாவுச்சத்து மறுபடி இறுகுவதால்தான் பிரெட் வறண்டு போகிறது, அந்த இறுக்கம் ஃபிரிட்ஜின் குளிரில் மிக வேகமாக நடக்கும். ஃப்ரீசரின் உறைகுளிரில் அது ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே முழுக்க ஆறியதும் துண்டு போட்டு, இரண்டு நாளுக்கு வேண்டியதை வெளியில் வைத்து மீதியை ஃப்ரீசரில் போடுங்கள். காலை அவசரத்தில் உறைந்த துண்டை நேராக டோஸ்டரில் போடலாம். உங்கள் மிக்சர் ஒரு கிலோ மாவைத் தாங்கும் என்று கையேடு சொன்னால் இரண்டு பிரெட் ஒன்றாகப் பிசைந்துவிடுங்கள், கழுவுகிற வேலை ஒன்றுதானே.

மதியச் சாப்பாட்டு டப்பாவில் மாலைவரை மெத்தென்று இருக்க வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. அதே 500 கிராமிலிருந்து 25 கிராம் மாவையும் அதே திரவத்திலிருந்து 125 கிராமையும் எடுத்து, கிளறிக்கொண்டே கூழாகும்வரை, 65 டிகிரிவரை, காய்ச்சி ஆறவைத்துச் சேருங்கள். வெந்த மாவுச்சத்து நிறையத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூழை நன்றாக ஆறவிடாமல் ஊற்றினால் மறுபடி அதே சூடான மாவுக் கதைதான். முழுக்கோதுமை சேர்க்க ஆசைப்பட்டால் முதலில் 150 கிராம் மாற்றுங்கள், தண்ணீர் இருபது கிராம் கூட்டுங்கள். தவிடு தண்ணீரை மெதுவாகக் குடிக்கும் என்பதால் அந்த அரை மணி ஓய்வு அப்போது இன்னும் அவசியம்.

பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தராசில் எண் ஏறுவதைப் பார்த்து “போதும்” என்று சொல்வது நான்கு வயதுக்குப் பெருமையான வேலை. கொக்கி சுற்றும்போது பாத்திரத்துக்குள் கை போகவே கூடாது. சுரண்ட வேண்டுமென்றால் நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான். பச்சை மாவை வாயில் வைக்கவும் விடாதீர்கள். சுடாத மாவில் ஈகோலை, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம், மாவு தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு வயது நிரம்பாத குழந்தை இந்த பிரெட்டைச் சாப்பிடும் என்றால் தேன் வேண்டாம். அதிலுள்ள பாட்டுலினம் கிருமியின் விதைகள் பிரெட் வேகிற சூட்டில் சாவதில்லை.

கடைசியாகக் கழுவுவது. மாவு ஒட்டிய பாத்திரத்தையும் கொக்கியையும் வெந்நீரில் போட்டால் பசையாகி, தேய்க்கும் நாரில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டுப் படுக்கப் போங்கள், காலையில் ஒரு தேய்ப்பில் போய்விடும்.